புது வண்டி காலையில் கத்துகிறது, நின்றால் நடுங்குகிறது: பயப்பட வேண்டுமா?

உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாங்கி மூன்று வாரமான 1.2 லிட்டர் பெட்ரோல் கார், மூன்று சிலிண்டர், மேனுவல் கியர். இதுவரை 640 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் சத்தம் அதிகம். ராமநாதபுரம் கேணிக்கரையில் வண்டிகள் தேங்கி நிற்கும்போது, ஏ.சி. ஓடினால் ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்குகின்றன. வீட்டுக்கு வந்து அணைத்த பிறகும் அடியில் டிக் டிக் என்று கேட்கிறது. போன ஞாயிறு தனுஷ்கோடி போய் வந்ததிலிருந்து இடது பக்கம் திரும்பும்போது சர்ர் என்று ஓர் உரசல். ஷோரூமில், "எல்லாம் நார்மல் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்களாம். அப்பாவின் பழைய நான்கு சிலிண்டர் வண்டி இப்படியெல்லாம் செய்ததில்லை, இன்ஜினைத் திறந்து பார்க்கச் சொல்லிச் சண்டை போடலாமா என்கிறார்.

இன்ஜினைப் பற்றிய கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் அவர் உண்மையில் கேட்பது, "கடன் வாங்கி எடுத்த வண்டி, குறையுள்ள வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்களா, நார்மல் என்கிறவர்களை நம்பலாமா" என்பதுதான். நியாயமான பயம். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சொன்ன நான்கில் மூன்று இயல்பானவை. நான்காவது இன்ஜினே இல்லை, ஆனால் பார்க்க வேண்டியது. ஷோரூமில் சொன்னதில் பாதி சரி. "ஆயிரம் ஓடினால் சரியாகிவிடும்" என்ற பாதி சரியில்லை.

நான் மண்டபத்தில் விசைப்படகு டீசல் இன்ஜினில் வேலை பழகியவன். பிறகு கார் பக்கம் வந்து, இப்போது ராமநாதபுரத்தில் சொந்தப் பட்டறை. மொத்தம் 26 வருடம். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். காதில் பஞ்சுகூட வைக்காமல் படகு இன்ஜின் பக்கத்தில் நின்ற வருடங்களால், மெல்லிய கீச்சுச் சத்தங்கள் எனக்குச் சரியாக விழாது. அதற்குப் பட்டறையில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் இருக்கிறான். அவன் காதைத்தான் கடன் வாங்குகிறேன். அப்புறம், எழுத்தில் படித்து ஒரு சத்தத்தை இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. எனவே இதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

பட்டறைக்கு வருபவர்கள் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள். ஒருவரின் கடகட இன்னொருவருக்கு லொடலொட. அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சத்தம் எதோடு சேர்ந்து போகிறது? ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்குகிறதா, சக்கரத்தின் வேகத்தோடா, பிரேக் மிதித்தால் மட்டுமா, ஸ்டீயரிங் திருப்பினாலா, ஏ.சி. போட்டாலா, வண்டி சூடானதும் போகிறதா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் கேள்வியில் இந்த விவரங்கள் இருந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுத முடிகிறது.

முதலில் காலைச் சத்தம். முதல் ஸ்டார்ட்டில் ஆர்.பி.எம். ஊசி (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) 1200-லிருந்து 1500 வரை போய் நிற்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக இறங்கி 700-க்கும் 850-க்கும் நடுவில் எங்கோ உட்காரும். "நம்ம ஊரில் விடியற்காலையிலும் வேர்க்கிறது, இதில் இன்ஜின் எங்கே குளிர்கிறது" என்று கேட்பார்கள். நமக்குத்தான் புழுக்கம். இன்ஜின் வேலை செய்யும் சூடு 90 டிகிரி பக்கம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி 28 டிகிரியில் இருந்தால் அதன் கணக்கில் அது பச்சைத் தண்ணீர். சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் 250, 300 டிகிரி சூடு ஏறினால்தான் புகையைச் சுத்தம் செய்ய ஆரம்பிக்கும். 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டுக்கான பி.எஸ். 6 விதி வந்த பிறகு அந்தச் சூட்டை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுவது என்பதில் கம்பெனிகள் கண்ணாக இருக்கின்றன. அதற்காக ஸ்டார்ட் ஆனவுடன் இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, ஸ்பார்க்கையும் வேண்டுமென்றே தாமதப்படுத்தி, சூடான புகையை வெளியே தள்ளுகிறார்கள். அந்த ஒரு நிமிடம் இன்ஜின் கொஞ்சம் கரகரப்பாகத்தான் கத்தும். உங்கள் அப்பாவின் வண்டி இந்த விதிக்கு முன்னால் வந்தது என்றால் அதற்கு இவ்வளவு அவசரம் இருந்திருக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊசி இறங்க இறங்கச் சத்தமும் இறங்கினால் இயல்பு. ஊசி இறங்கிவிட்டது, தடதடப்பு மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் அது வேறு விஷயம்.

அடுத்தது நின்றால் வரும் நடுக்கம். இதற்கு நம் கடற்கரையிலேயே பாடம் இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் டீசல் போட்ட நாட்டுப்படகு மெதுவாகக் கரைக்கு வரும்போது கேட்டிருப்பீர்கள்: டுப்... டுப்... டுப் என்று ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணலாம். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், உட்கார்ந்திருப்பவரின் தாடை வரை ஆடும். அதே கரையில் ஆறு சிலிண்டர் போட்ட விசைப்படகு வந்தால் எண்ண முடியாது. ஒரே உறுமலாகச் சேர்ந்துவிடும். சிலிண்டர் கூடக் கூட வெடிப்புகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. விஷயம் அவ்வளவுதான்.

காரில் இதைக் கணக்காகவே பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். ஐடிலில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, 800 ஆர்.பி.எம். என்றால் நான்கு சிலிண்டர் வண்டியில் நிமிடத்துக்கு 1600 வெடிப்பு, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 27. மூன்று சிலிண்டரில் நிமிடத்துக்கு 1200, நொடிக்கு 20. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் வேகமான அதிர்வை நன்றாக விழுங்கிவிடும். மெதுவான அதிர்வை அந்த அளவுக்கு விழுங்காது. அதனால் அந்த 20, ஸ்டீயரிங் வழியாகவும் சீட் வழியாகவும் உங்களிடம் வந்து சேர்கிறது. இது போக, மூன்று பிஸ்டன் வரிசையாக ஏறி இறங்கும்போது இன்ஜினின் இரண்டு முனையும் சீசா பலகை மாதிரி மாறி மாறி ஆட முயலும். சில கம்பெனிகள் இதை அடக்கத் தனியாக ஒரு பேலன்ஸ் ஷாஃப்ட் வைக்கின்றன. சில கம்பெனிகள் பிளைவீலிலும் முன்பக்கப் புல்லியிலும் எடையைத் தள்ளி வைத்துச் சமாளிக்கின்றன. எப்படிச் செய்தாலும் முழுசாகப் போகாது.

மூன்று சிலிண்டர் என்றாலே மட்டம் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஏற்பதில்லை. 1983-ல் வந்து இந்தியாவையே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாருதி 800-ம் மூன்று சிலிண்டர்தான். 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட்டிலும் நான்கு போய் மூன்று வந்திருக்கிறது. உராய்வு குறையும், பாகங்கள் குறையும், மைலேஜ் கொஞ்சம் கூடும். விலையாகக் கொடுப்பது இந்த நடுக்கத்தை. வாங்குவதற்கு முன்னால் ஷோரூமில் இதைச் சொல்லியிருக்கலாம். டெஸ்ட் டிரைவில் பாட்டைப் போட்டுவிட்டு ஓட்டக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்?

ஏ.சி. போட்டால் கூடுவதற்குக் காரணம், கம்ப்ரசர் இன்ஜின் தலையில் ஏறி உட்காருவதுதான். ஐடிலில் இன்ஜினின் பலம் கொஞ்சம். அதில் கம்ப்ரசர் ஒரு பங்கு, ரேடியேட்டர் ஃபேனுக்கும் விளக்குக்கும் மின்சாரம் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் ஒரு பங்கு கேட்கும். நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம், வெயிலும் சொல்ல வேண்டாம். கம்ப்ரசருக்கு ஓய்வே கிடைக்காது. டக் என்று ஒரு சத்தம், ஊசி லேசாக அசைந்து சமாளித்துக்கொள்வது, ஃபேன் திடீரென்று இரைவது, சிறிது நேரத்தில் நின்றுவிடுவது, எல்லாம் இயல்பு.

இங்கே ஒரு சோதனை. வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, நியூட்ரலில் நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, ஆர்.பி.எம். ஊசியை ஒரு நிமிடம் பாருங்கள். ஊசி ஆணி அடித்தது போல் நிற்க, நடுக்கம் ஒரே சீராக இருந்தால் அது இன்ஜினின் சுபாவம். ஊசி அவ்வப்போது குத்திக் குத்தி இறங்கினாலோ, நடுக்கத்தின் நடுவில் ஒரு தும்மல் மாதிரி விட்டு விட்டு உதறினாலோ அது மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காமல் விடுவது. புது வண்டியாக இருந்தாலும் மிஸ்ஸிங் மிஸ்ஸிங்தான். லேசாக ஆக்சிலேட்டரை அழுத்தி 1200-க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். சுபாவ நடுக்கம் என்றால் பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும்.

இதை எழுதும்போதே எனக்கு ஒரு பழைய தப்பு உறுத்துகிறது. சில வருடங்களுக்கு முன் தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒருவர் நான்கு மாத வண்டியைக் கொண்டுவந்தார். ஐடிலில் உதறுகிறது என்றார். வேலை நெருக்கடி. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "மூணு சிலிண்டர் அண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்று நானும் ஷோரூம்காரர் மாதிரியே அனுப்பிவிட்டேன். ஒரு வாரத்தில் நடுரோட்டில் இன்ஜின் விளக்கு மினுக்க, வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. ஒரு சிலிண்டரின் ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் போயிருந்தது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஒரு வாரம் அவர் என் பேச்சை நம்பி ஓட்டியிருக்கிறார். நான் அன்று கேட்கத் தவறியது, "வாங்கின அன்றைக்கே இப்படி இருந்ததா, நடுவில் வந்ததா" என்ற ஒரு கேள்வியை. அவர் வண்டி மூன்று மாதம் நன்றாக இருந்து, பிறகு உதற ஆரம்பித்தது. சுபாவம் முதல் நாளிலேயே இருக்கும், நாளுக்கு நாள் வளராது. நடுவில் வந்தது, வளர்வது, இரண்டும் நோய். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். உங்களிடமும் கேட்கிறேன்: டெலிவரி எடுத்த அன்று ஊருக்கு ஓட்டி வந்தீர்களே, வழியில் எங்காவது நின்றபோதும் இதே அளவு நடுங்கியதா?

"ஆயிரம் ஓடினால் சரியாகிவிடும்" என்பதற்கு வருகிறேன். புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும் என்பது உண்மை. முதல் 1000 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள், முழு ஆக்சிலேட்டர் கொடுக்காதீர்கள் என்று மேனுவலில் போட்டிருப்பார்கள். அதன்படி நடந்துகொள்ளுங்கள். இப்போதைய இன்ஜின்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பழைய காலம் அளவுக்கு அவசியமா என்று மெக்கானிக்குகளுக்குள்ளேயே வாதம் உண்டு. கடைப்பிடிப்பதால் நஷ்டமில்லை என்பது என் கட்சி. கொஞ்ச நாளில் கியர் மாற்றுவது இலகுவாகும், இறுக்கம் குறையும், இன்ஜின் சற்று எளிதாகச் சுற்றுவது போலவும் தோன்றும். ஆனால் மூன்று சிலிண்டரின் ஐடில் நடுக்கம் ஓடி ஓடிப் போகாது. நொடிக்கு 20 என்பது 10,000 கிலோமீட்டரிலும் நொடிக்கு 20-தான். சரியாகிவிட்டது என்று பலர் சொல்வது, என் அனுபவத்தில், அவர்கள் பழகிவிட்டதைத்தான். கூடவே கிளட்ச் காலும் பக்குவப்பட்டிருக்கும்.

இதில் இன்னொன்று. மைலேஜ் ஆசையில் 35, 40 வேகத்திலேயே ஐந்தாவது கியரைப் போட்டு ஓட்டுபவர்கள் நம் பக்கம் நிறைய. சாலை நேராக, மேடில்லாமல் கிடப்பதால் வண்டியும் எப்படியோ இழுத்துக்கொண்டு போகும். 1100 ஆர்.பி.எம்.மில் இன்ஜின் திணறி டாஷ்போர்டு முழுக்க டர்ர்ர் என்று அதிரும். அது வண்டியின் குறையில்லை, கியரைக் குறைத்தால் அந்த நொடியே போய்விடும். அப்படித் திணறடித்து ஓட்டுவது மவுண்டுக்கும் கிளட்சுக்கும் நல்லதல்ல. டர்போ வண்டி என்றால் இன்ஜினுக்கே நல்லதல்ல.

அணைத்த பிறகு கேட்கும் டிக் டிக்கைப் பற்றிப் பேச அதிகமில்லை. சைலன்சர் குழாயும் அதன் மேல் மூடியிருக்கும் வெப்பத் தகடும் சூட்டில் விரிந்திருக்கும். ஆறும்போது சுருங்கும், டிக் டிக் என்னும். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் செய்வதுதான். கால் மணி நேரத்தில் அடங்கும். ஃபேன் மட்டும் அணைத்த பிறகும் சிறிது நேரம் ஓடினால் அதற்கும் பயப்பட வேண்டாம். சாவியைத் திருப்பியவுடன் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று நொடி ஊம்ம் என்று வருவது பெட்ரோல் பம்ப். கிளம்பி பத்து இருபது வேகம் போகும்போது ஒரே ஒரு முறை கர்ர் என்று காலடியில் கேட்டால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. பானெட்டைத் திறந்தால் தையல் மிஷின் மாதிரி டிக்டிக்டிக் என்று வேகமாகக் கேட்பது எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர், சி.என்.ஜி. வண்டியில் இது இன்னும் பலமாகவே கேட்கும். கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. வண்டிகள் சிலவற்றில் டிரைவர் கதவைத் திறந்தவுடனே ஒரு பம்ப் ஓடும். இதைப் பேய் என்று நினைத்துப் போன் செய்தவர்கூட உண்டு.

இனி அந்தச் சர்ர். தனுஷ்கோடி போய் வந்த பிறகு வந்தது, திரும்பும்போது கேட்கிறது என்று நீங்களே பாதி பதிலைச் சொல்லிவிட்டீர்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு எல்லா வண்டியும் நேராக முனைக்கே போகின்றன. ஆனால் இரண்டு பக்கமும் கடல், காற்று மணலை அள்ளி ரோட்டில் போட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்த இடம் தேடி ஓரத்தில் இறக்கினால் கேட்கவே வேண்டாம். பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகரத் தடுப்பு ஒன்று இருக்கிறது. அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு சின்னக் கல்லோ சிப்பித் துண்டோ மாட்டிக்கொண்டால் தகரத்தைக் கீறுவது போலக் கேட்கும். திரும்பும்போது கூடும் அல்லது மறையும். எங்கள் பட்டறைக்கு விடுமுறை முடிந்த திங்கள்கிழமைகளில் இதே புகாரோடு ஒரு வண்டியாவது வராமல் இருப்பது அபூர்வம். காலி இடத்தில் நாலைந்து முறை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தினால் சில சமயம் தானே விழுந்துவிடும். விழாவிட்டால் வீலைக் கழற்றி எடுக்க வேண்டும், பத்து நிமிட வேலை. தகரம் வளைந்து டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே சத்தம்தான். அதையும் அப்போதே பார்த்துவிடலாம். இது கல்தான் என்பது என் பலமான ஊகம், வீலைக் கழற்றாமல் சத்தியம் செய்ய மாட்டேன். பிரேக் பிடிக்கும்போது சத்தம் கூடினால் மட்டும் தள்ளிப்போடாமல் அன்றே காட்டுங்கள். கடலிலிருந்து திரும்பியதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கடற்கரைக்கே உரிய சத்தங்கள் இன்னும் இரண்டு உண்டு. உப்புக் காற்றில் இரவு முழுக்க நிற்கும் வண்டியின் டிஸ்க்கில் விடிவதற்குள் செம்பழுப்பாக ஒரு படலம் படியும். காலையில் முதல் நாலைந்து பிரேக் சொரசொரவென்று கேட்கும், அப்புறம் துடைத்தது போல் போய்விடும். கழுவிவிட்டு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொண்டு, கிளம்பும்போது டக் என்று ஒரு சத்தத்தோடு விடுபடும். இரண்டும் துரு செய்யும் வேலை. புது வண்டிக்கு எப்படித் துரு என்று சண்டைக்குப் போகாதீர்கள். டிஸ்க் என்பது பெயிண்ட் அடிக்க முடியாத வெறும் இரும்பு.

அடுத்து நம் மாவட்டத்தின் தனிச்சொத்து, சீமைக் கருவேல முள். கீழக்கரையிலிருந்து ஒருவர், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து வண்டி எடுத்தவர், ஷோரூமில் இரண்டு முறை காட்டிவிட்டு என்னிடம் வந்தார். "காக்கா, இன்ஜின்ல டக் டக்னு அடிக்குது" என்றார். காக்கா என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன். நிற்கும்போது ஆக்சிலேட்டர் கொடுத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. ஓட்டினால் இருக்கிறது, வேகத்தோடு ஏறுகிறது. டயரில் முள் முறிந்து, தடித்த அடிக்கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சின்னக் காரின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் போகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்று, மூன்று டக். எண்ணிப் பார்க்க முடிகிற வேகத்தில் அடித்தால் அது சக்கரம். இன்ஜினின் எந்த அடியையும் அப்படி எண்ண முடியாது. ஐடிலில்கூட கிராங்க் நொடிக்குப் பதிமூன்று சுற்று சுற்றுகிறது.

சத்தம் இன்ஜினிலா சக்கரத்திலா என்று பிரிக்க நான் செய்வது இது. ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் 50 வேகத்தில் மூன்றாவது கியரில் போய், அதே 50-லேயே நான்காவதுக்கு மாற்றுவேன். சக்கரத்தின் வேகம் மாறவில்லை, இன்ஜினின் வேகம் இறங்கிவிட்டது. சத்தமும் இறங்கினால் இன்ஜின் பக்கம், மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரம், டயர், பேரிங் பக்கம். சிலர் ஓடும்போதே இன்ஜினை அணைத்துப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம். பவர் ஸ்டீயரிங் போகும், பிரேக் ஒன்றிரண்டு மிதியில் கல்லாகிவிடும்.

பாம்பன் பாலத்தில் சோதிக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1988-ல் திறந்த அந்தச் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் எந்த வண்டியும் டடக் டடக் என்னும். ஆடி மாதக் கச்சான் அடித்தால் கதவு ரப்பர்கூட ஊளையிடும். அங்கே கேட்டதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

புது வண்டியில் சத்தம் தேடும்போது இன்ஜினை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஐடிலில் மட்டும் ஜீஈஈ என்று கேட்கிறது என்று ஒரு குடும்பமே கவலையோடு வந்தது. பானெட்டைத் திறந்தால் நின்றுவிடும், மூடினால் கேட்கும். என் காதுக்கு அது எட்டவே இல்லை. பையன்தான் குனிந்து கிரில்லுக்குள் கையை விட்டு ஒரு கம்பித் துண்டை உருவினான். வழிவிடு முருகன் கோவிலில் பூஜை போட்டபோது கட்டிய மாலையின் கம்பி. மாலையை எடுத்தவர்கள் கம்பியை விட்டுவிட்டார்கள். நம்பர் பிளேட், டிக்கியில் கட்டாமல் கிடக்கும் ஜாக்கி, கதவுப் பையில் சில்லறை, இன்னும் பிரிக்காத பாலிதீன் உறை, எல்லாமே ஐடில் நடுக்கத்தில் பேச ஆரம்பிக்கும். உங்கள் வண்டியிலும் முதலில் நம்பர் பிளேட்டை விரலால் அழுத்திப் பாருங்கள்.

சரி, எதற்குப் பயப்பட வேண்டும்? சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள், வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாதீர்கள். டெம்பரேச்சர் ஊசி ஏறினாலும் அதேதான். மஞ்சள் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டலாம். மினுக்கினால் மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரில் போய்ச் சேர்ந்து அதைக் கெடுக்கும், ஓட்டக் கூடாது. உள்ளிருந்து டொக் டொக் என்று கனமாக, ஆக்சிலேட்டரோடு வேகமெடுக்கும் அடி. சுமையோடு இழுக்கும்போது கண்ணாடிக் கோலியைக் குலுக்குவது போன்ற நாக்கிங். நிற்காத பெல்ட் கீச்சல். பெட்ரோல் வாடை, கருகல் வாடை. இவை எதுவும் எந்தப் புது வண்டிக்கும் இயல்பல்ல. 80-க்கு மேல் ஸ்டீயரிங் மட்டும் ஆடினால் பெரும்பாலும் வீல் பேலன்சிங், பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க், வேகத்தோடு ஏறும் ஹூங்காரம் வீல் பேரிங்காக இருக்கலாம். இந்த மூன்றும் பார்க்க வேண்டியவை, ஆனால் இன்ஜினைத் திறக்க வேண்டியவை அல்ல.

ஷோரூமில் சண்டை போடுவதால் எதுவும் நடக்காது. போய், அதே மாடல், அதே இன்ஜின் உள்ள இன்னொரு வண்டியை, டெஸ்ட் டிரைவ் வண்டியானாலும் சரி, சூடாகும்வரை ஓடவிட்டு உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டிலும் ஏ.சி.யை ஒரே அளவில் வைத்து மாறி மாறி உட்காருங்கள். நார்மல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல தராசு கிடையாது. அந்த வண்டியும் இதே அளவு நடுங்கினால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். உங்களுடையது மட்டும் தெளிவாகக் கூட நடுங்கினால், மவுண்ட் ஒன்று சரியாக உட்காராமலோ, ஏதோ குழாய் பாடியில் முட்டிக்கொண்டோ இருக்கலாம். அப்போது நீங்கள் விடக் கூடாது. அட்வைசரோடு பேசி முடித்துக்கொள்ளாமல், வேலை செய்யும் ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். என்ன புகார், எத்தனையாவது கிலோமீட்டர் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு வாரண்டி கிடையாது. அதுவரை வெளியில் யாரிடமும் இன்ஜினைத் தொடவிடாதீர்கள். என்னிடம் கொண்டுவந்தாலும் கல்லை எடுத்துக் கொடுப்பேன், இன்ஜினில் கைவைக்க மாட்டேன்.

உதவி செய்கிறேன் என்று வருபவர்கள் சொல்லும் சிலவற்றையும் தவிர்த்துவிடுங்கள். ஐடிலைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் நடுக்கம் போய்விடும் என்பார்கள். அது ஸ்க்ரூவைத் திருப்பிய கார்புரேட்டர் காலம், இப்போது கம்ப்யூட்டர் வைத்ததுதான் ஐடில். விலை கூடிய பெட்ரோல் நடுக்கத்தைக் குறைக்காது. மேனுவல் கேட்காதவரை சாதாரணப் பெட்ரோல் போதும். ஆயிலில் ஊற்றும் மருந்து பாட்டில் எதுவும் புது இன்ஜினுக்கு வேண்டாம். உப்புக் காற்றுக்காக அடியில் துரு தடுக்கும் பூச்சு அடித்திருந்தால், அது சைலன்சர் மேல் பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பட்டிருந்தால் சில நாள் கருகல் வாடை வரும், அதை இன்ஜின் கருகுவதாக நினைத்துப் பதறுவீர்கள்.

முடிந்தால் நாளைக் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே போனில் வீடியோவைப் போட்டுவிட்டு, ஆர்.பி.எம். ஊசி தெரியும்படி வைத்து, ஸ்டார்ட்டிலிருந்து ஐந்து நிமிடம் எடுங்கள். கடைசி ஒரு நிமிடம் ஏ.சி.யைப் போட்டு அணையுங்கள். பேச வேண்டாம், ரேடியோ வேண்டாம். அதை இங்கே போட்டால் ஊசியை நான் பார்க்கிறேன், சத்தத்தைப் பையன் கேட்டுச் சொல்வான்.